விளக்குக்கு டார்ச் அடித்தவன்

அத்தியாயம் 7

தரையைக் கழுவியவன் அரைகுறையாகக் கழுவியிருக்கிறான் என்பது சிடுமூஞ்சியாருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நடுவில் மட்டும் பளபளப்பு. மிஷினின் கால் அருகே, துடைப்பம் எட்டாத மூலையில், ரத்தத்தை உறிஞ்சப் போட்ட மரத்தூள் பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. ஐந்து நாளாக அதைக் கூட்டி அள்ள ஒருவருக்கும் மனசு வரவில்லை. ஆனால் மிஷின் மட்டும் ஐந்து நாளும் ஓடுகிறது. தகரத்தை வை, பெடலை மிதி, டப்பா மூடி. தகரத்தை வை, பெடலை மிதி, டப்பா மூடி. நிமிஷத்துக்குப் பன்னிரண்டு.

அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். நாற்றம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, மிஷின் எண்ணெய் வாசனைதான். அவரைப் பொத்த வைத்தது அந்த மூலை.

சிடுமூஞ்சியார் என்பது தெரிந்தவர்கள் வைத்த பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் விபத்துகளை விசாரித்து, மனிதர்கள் மேல் இருந்த மரியாதையை முழுசாகச் செலவழித்துவிட்டுத் துப்பறிய வந்தவர். கூட வந்த உதவியாளருக்கு ரேடியோ என்று பெயர். நாற்பது வயது அம்மாள், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

காலையில் ஒரு தையல்காரப் பெண் அவர்களைத் தேடி வந்திருந்தாள். அவள் புருஷன் இந்த பிரஸ் மிஷினில் ஏழு வருஷமாக வேலை பார்த்த ஆபரேட்டர். வலது கையில் கட்டைவிரல் தவிர நான்கு விரலும் இதே மிஷினில் போய்விட்டன. வேகமாக வேலையை முடிக்க, கை குறுக்கே வந்தால் மிஷினை நிறுத்துகிற பாதுகாப்புக் கண்ணுக்கு முன்னால் டார்ச் லைட்டை ஒட்டி அவரே அதை ஏமாற்றினார் என்று கம்பெனி சொல்கிறது. இன்றைக்கு ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே அதை ஒப்புக்கொண்டு அவர் கைநாட்டு வைக்க வேண்டும். வைத்தால் வேலையும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள்.

"அவர் அப்படிச் செய்ற ஆள் இல்லீங்க. ஆனா அவரே, கண்ணு ஏமாத்தாது, நான்தான் எங்கியோ தப்பு பண்ணியிருப்பேன்னு சொல்லிட்டுப் படுத்திருக்கார்" என்று அவள் அழுதிருந்தாள்.

"நல்லா பாருங்க சார், எதையும் மறைக்கலை" என்றார் சூப்பர்வைசர். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. அந்தத் தையல்காரப் பெண்ணின் கூடப்பிறந்த அண்ணன். "என் தங்கச்சி மனசு ஆறணும்னுதான் உங்களை உள்ள விட்டேன். மாப்பிள்ளை நல்ல மனுஷன்தான், கொஞ்சம் அவசரக்காரர். இதோ போட்டோ, நீங்களே வெச்சுக்குங்க."

போட்டோவில் மிஷினின் இரண்டு தூண்களும் தெளிவாக விழுந்திருந்தன. வலது பக்கத் தூணின் வட்டக் கண்ணாடிக்கு நேராக, கறுப்பு டேப் சுற்றி, விரல் நீளத்துக்கு ஒரு டார்ச்.

"எப்ப எடுத்தது?"

"அப்பவேதான். ரத்தத்தைப் பார்த்ததும் எல்லாரும் ஆளைத் தூக்கிட்டு வேன்ல ஏறிட்டாங்க. நான் ஓடிப்போய் மெயினை ஆஃப் பண்ணேன். ஒருத்தரையும் கிட்ட விடலை. திரும்பிப் பார்த்தா டார்ச் ஒட்டியிருக்கு. உடனே எடுத்துட்டேன்."

"நீங்க வேன்ல ஏறலையா?"

"யாராவது ஒருத்தர் இங்க நிக்கணும்ல சார்."

"ஆமா, மிஷின் பயந்துக்கும்" என்றாள் ரேடியோ.

சூப்பர்வைசர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். உள்ளே மை பேட். "நான் கிளம்பறேன். மாப்பிள்ளைக்கு சாப்பாடு ஊட்டறதே நான்தான். இடது கைல சாப்பிட அவருக்கு வரலை, பாவம். பத்து நிமிஷம் பார்த்துட்டு நீங்களும் கிளம்பிடுங்க." மணி மூன்றேகால்.

மிஷின் முன்னால் இப்போது ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். விபத்து நடந்த மறுநாளே அவளை அங்கே உட்கார வைத்துவிட்டார்களாம். வேலையை நிறுத்தாமலே பேசினாள். "வலது தூண்ல விளக்கு இருக்குக்கா. இடது தூண்ல கண்ணு. விளக்கோட வெளிச்சம் நேரா வந்து கண்ணுல விழும். நடுவுல என் கை போச்சுன்னா மிஷின் நின்னுடும். அதை நம்பித்தான், தகரம் வைக்கிற கை உள்ள இருக்கறப்பவே பெடலை மிதிப்போம்."

"அந்தக் கண்ணுக்குள்ள என்ன சார் இருக்கு?" என்றாள் ரேடியோ.

"பட்டாணி அளவுக்கு ஒரு வில்லை. புஸ்தகத்துல குறைக்கடத்தின்னு போட்டிருப்பான். கம்பி மாதிரி கரன்ட்டை தாராளமா விடவும் விடாது, கல்லு மாதிரி அடியோட தடுக்கவும் தடுக்காது. இருட்டா இருந்தா அதுக்குள்ள கரன்ட்டைச் சுமக்கிற ஆளுங்கல்லாம் போர்த்திட்டுத் தூங்குவாங்க. வெளிச்சம் பட்டா எழுந்து வேலைக்கு வந்துடுவாங்க. அவங்க வேலை செய்ற வரைக்கும் கரன்ட் ஓடும், மிஷின் இறங்கும். கை குறுக்கே வந்து வெளிச்சம் போச்சுன்னா திரும்பப் படுத்துடுவாங்க. கரன்ட் நின்னுடும், மிஷினும் நின்னுடும்."

"எங்க வீட்டுக்காரருக்கும் இதே வில்லைதான் வெச்சிருக்கு சார். என்ன, வெளிச்சம் வந்தாலும் எழுந்திருக்கிறதில்லை."

"குடையை நீட்டு."

ரேடியோ தன் குடையை இரண்டு தூண்களுக்கும் நடுவே நீட்டினாள். அந்தப் பெண் பெடலை மிதித்தாள். 'டக்' என்று ஒரு சத்தம், மிஷின் அப்படியே நின்றது. குடையை எடுத்ததும் மறுபடி ஓடியது. மூன்று தடவை செய்து பார்த்தார்கள், மூன்று தடவையும் நின்றது.

சிடுமூஞ்சியார் போட்டோவை மிஷினுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் இன்னும் கொஞ்சம் சுருங்கியது. தெரியாதவர்கள் அதைப் பார்த்தால் வயிற்றுவலி என்று நினைப்பார்கள். ஏதோ ஒன்று பிடிபட்டுவிட்டது என்பது ரேடியோவுக்குத் தெரியும்.

"டார்ச் எந்தத் தூண்ல இருக்கு?"

"வலது தூண்ல."

"வலது தூண்ல என்ன இருக்கு?"

"விளக்கு." ரேடியோ ஒரு நிமிஷம் வாயை மூடினாள். அது அபூர்வம். "சார், விளக்குக்கு எதுக்கு சார் டார்ச் அடிக்கணும்? அதுக்கு என்ன வழி தெரியலையா?"

"இந்தம்மாவைக் கேளு, எது கண்ணு எது விளக்குன்னு தெரிய எவ்வளவு நாள் ஆச்சுன்னு."

"இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் அந்தப் பெண். "எரியறது விளக்கு."

"அதேதான். மிஷின் ஓடறப்ப சின்னக் குழந்தைக்குக் கூட தெரியும். ஏழு வருஷம் இதுக்கு முன்னாடி உட்கார்ந்த மனுஷன் மாத்தி ஒட்டுவாரா? ஆனா மெயினை ஆஃப் பண்ணிட்டா ரெண்டு கண்ணாடியும் ஒரே மாதிரி கறுப்பா இருக்கும். அப்ப வந்து ஒட்டறவனுக்கு, அதுவும் ஒரு நாளும் இதுல உட்காராதவனுக்கு, எதுன்னு தெரியாது. ரெண்டுல ஒண்ணுன்னு ஒட்டிட்டான்."

"மெயினை ஆஃப் பண்ணது... கிட்ட யாரையும் விடாதது..." ரேடியோ கையிலிருந்த குடையை இறுக்கிப் பிடித்தாள். "கூடப்பிறந்த அண்ணன் சார்."

"சீ" என்றார் சிடுமூஞ்சியார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் வாயில் ஏதோ கெட்டுப்போனதைக் கடித்த மாதிரி கடைவாயைத் துடைத்துக்கொண்டார். தங்கை புருஷனின் ரத்தம் ஈரமாக இருக்கும்போதே டேப்பைக் கிழித்துச் சுற்ற ஒருவனுக்கு மனசு வந்தது என்பதை அவரால் விழுங்க முடியவில்லை.

"அப்ப கிளம்பலாம் சார், ஆஸ்பத்திரிக்கு."

"பாதிதான் தெரியுது. டார்ச் பொய்னு சொல்லலாம். அப்ப மிஷின் ஏன் நிக்கலைன்னு கேப்பான். என்ன பதில் சொல்லுவே? விபத்து எத்தனை மணிக்கு?"

"ரிப்போர்ட்ல மூணு நாப்பத்திரண்டு."

"இப்ப மணி என்ன?"

"மூணு முப்பத்தேழு."

சிடுமூஞ்சியார் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "அம்மா, கொஞ்சம் எழுந்து நில்லு. கை ரெண்டையும் பின்னாடி கட்டிக்கோ. நான் சொல்றப்ப பெடலை மட்டும் மிதி."

வலது பக்கச் சுவரில், ஆள் எட்டாத உயரத்தில் வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள். வருஷக்கணக்கில் துடைக்காத அழுக்கு. அதில் உடைந்துபோன ஒரே ஒரு சட்டம் மட்டும் கண்ணாடி இல்லாமல் திறந்திருந்தது. அதன் வழியாக வெயில் உள்ளே இறங்கி, இடது தூணுக்கு முன்னால் தரையில் ஒரு முழ அகலத்துக்குக் கிடந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நகர்ந்தது. தூணின் அடியைத் தொட்டது. மெல்ல மேலே ஏறியது. மூன்று நாற்பத்தொன்றுக்கு இடது தூணின் வட்டக் கண்ணாடி பளீரென்று மின்னியது.

"குடை."

ரேடியோ நீட்டினாள். குடையின் நிழல் விளக்கின் வெளிச்சத்தை முழுக்க மறைத்தது. "மிதிம்மா."

'டக்' சத்தம் வரவில்லை. மிஷின் இறங்கியது. அடுத்த கணம் ரேடியோவின் கையில் கைப்பிடியும் நான்கு கம்பியும்தான் இருந்தன. மீதிக் குடை, வட்டமாக ஒரு மூடி அளவுக்கு நசுங்கி, தட்டில் கிடந்தது.

"அந்த வில்லைக்கு விளக்கும் ஒண்ணுதான், சூரியனும் ஒண்ணுதான்" என்றார் சிடுமூஞ்சியார். "யார் வெளிச்சம்னு அது கேக்காது. மேல வெயில் விழற வரைக்கும் உள்ள இருக்கிற ஆளுங்க தூங்கவே மாட்டாங்க. நீ கையை விட்டாலும், தலையையே விட்டாலும், மிஷின் இறங்கும்."

அந்தப் பெண் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் பத்து விரலையும் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தாள். "அஞ்சு நாளா இதே நேரத்துக்கு இதுல உட்கார்ந்திருக்கேன்க்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ரேடியோ அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஏழு வருஷமா இதே ஜன்னல், இதே சூரியன்" என்றார் சிடுமூஞ்சியார். "இதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே. எப்படி?"

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். "இந்த நேரத்துக்கு டீ டைம் இருக்கும் சார். வழக்கமா மூணு மணிக்குத்தான் டீ. ஆனா வருஷத்துல ரெண்டு மாசம் மட்டும் மூணரைக்குத் தள்ளிடுவாங்க. ஏன்னு யாருக்கும் தெரியாது. மிஷினை நிறுத்திட்டு எல்லாரும் வெளிய போயிடுவோம். இந்த வருஷம் தள்ளலை."

"தள்ளினது யாரு?"

"பழைய எலக்ட்ரீஷியன். பெல் அவர் கையிலதான் இருந்துச்சு. ரிட்டயர் ஆகி இப்ப கேட்ல வாட்ச்மேனா உட்கார்ந்திருக்கார்."

கேட்டில் இருந்தவர் முதலில் ஒன்றும் தெரியாது என்றார். ரேடியோ குடைக் கைப்பிடியை அவர் மேஜை மேல் வைத்ததும் முகம் மாறிவிட்டது.

"எனக்கு அப்பவே தெரியும் சார்" என்றார் மெதுவாக. "இந்த ரெண்டு மாசம் அந்த உடைஞ்ச சட்டம் வழியா வெயில் நேரா கண்ணுல விழும். பதினஞ்சு நிமிஷம். அதான் டீ டைமைத் தள்ளி வெச்சேன்."

"கண்ணுக்கு முன்னாடி நாலு அங்குல பைப் துண்டு ஒண்ணு மாட்டியிருந்தா, விளக்கு வெளிச்சம் மட்டும் நேரா உள்ள போகும், வெயில் விழாது. ரெண்டு ஸ்க்ரூ."

"கேட்டேன் சார். மிஷின்ல எதை மாத்தினாலும் பெரிய ஆபீஸ்ல அனுமதி வாங்கணும்னாங்க. மூணு தடவை எழுதிக் கொடுத்தேன். பதிலே வரலை. பெல்லு என் கைல இருந்துச்சு. பெல்லை மாத்திட்டேன்."

"ஜன்னலுக்கு ஒரு அட்டை?"

பெரியவர் ஜன்னல் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அட்டை அவருக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. சிடுமூஞ்சியாருக்குத் தலை வலித்தது. ஒரு பைப் துண்டை மாட்டத் துப்பில்லாமல் நூறு பேருடைய டீயை நகர்த்தி வைத்த தொழிற்சாலை. அதிலும் வேடிக்கை, அது வேலை செய்திருக்கிறது.

"புது சூப்பர்வைசருக்கு இது தெரியுமா?"

"போறப்ப சொல்லிட்டுத்தான் சார் போனேன். சிரிச்சார். வெயிலா வந்து மிஷினை ஓட்டுதுன்னு கேட்டார். டீ எப்பவும் மூணு மணிக்குன்னு போர்டு எழுதி மாட்டிட்டார்."

"சரி. அஞ்சு நாளா நீங்க ஏன் வாயைத் திறக்கலை?"

அவர் கேட்டையும் தன் நாற்காலியையும் பார்த்தார். "இந்த வேலையும் போயிடுமே சார்."

சிடுமூஞ்சியார் வாசல் குழாயில் கை கழுவினார். சோப்பு கேட்டார், இல்லை என்றார்கள். மறுபடி வெறும் தண்ணீரிலேயே கழுவினார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி ஐந்துக்கு ஐந்து. கட்டிலில் ஆபரேட்டர் தலையணையில் சாய்ந்திருந்தார். வலது கையில் துணிக்கட்டு, ஒரு சின்ன மூட்டை அளவுக்கு. காலடியில் அவர் மனைவி. ஆபீசிலிருந்து வந்திருந்த அதிகாரி ஒருவர் டைப் அடித்த காகிதத்தை அட்டை மேல் வைத்துப் பிடித்திருந்தார். சூப்பர்வைசர் கட்டிலில் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் இடது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலில் மையைத் தடவிக்கொண்டிருந்தார். விரலின் ஓரமெல்லாம் படும்படி, பொறுமையாக, குழந்தைக்கு மருதாணி வைக்கிற மாதிரி. சிடுமூஞ்சியாருக்கு அன்றைக்குப் பார்த்ததிலேயே அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

"ஒரு நிமிஷம்" என்றார். "சூப்பர்வைசர், டார்ச் எதுக்கு நேரா ஒட்டியிருந்துச்சு?"

"கண்ணுக்கு நேரா. போட்டோல இருக்கே சார்."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

சிடுமூஞ்சியார் கட்டிலில் இருந்தவரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. வலது பக்கம் என்ன இருக்கு?"

ஆபரேட்டர் கண்ணை மூடித் திறந்தார். "வலது பக்கம் விளக்குங்க. கண்ணு இடது பக்கம்." மச்சானைப் பார்த்தார். "விளக்குல எதுக்கு மச்சான் நான் டார்ச் ஒட்டப் போறேன்?"

சூப்பர்வைசரின் கை மை பேடின் மேலேயே நின்றது. சிடுமூஞ்சியார் நடந்ததைச் சொன்னார். வெயில், டீ டைம், கேட்டில் இருந்த பெரியவர் சொன்னது. குடை நசுங்கியதை ரேடியோ சொன்னாள். ஒரு அலங்காரமும் இல்லாமல் சொன்னாள்.

"அப்ப நான் தப்பு பண்ணலையா?" என்றார் ஆபரேட்டர். மனைவியைப் பார்த்துத்தான் கேட்டார். "கையைச் சரியாத்தான் வெச்சிருக்கேன். அஞ்சு நாளா ராத்திரி பகலா யோசிச்சுட்டே இருக்கேன், எங்க தப்பு விட்டேன்னு." அவர் உதடு கோணியது. அவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா, நான் சொல்றதைக் கேளு" என்றார் சூப்பர்வைசர். "நான் வேணும்னு செய்யலை. டீ டைம் மாத்தினது நான்னு தெரிஞ்சா என் வேலை போயிடும். எனக்கும் பிள்ளைங்க இருக்கு. உங்களை நான் பார்த்துக்க மாட்டேனா?"

ஆபீஸ் அதிகாரி தொண்டையைச் செருமினார். "இதுக்கு எதுக்கு சண்டை? காரணம் தெரியவில்லைன்னு மாத்தி எழுதிக்கலாம். கைநாட்டு மட்டும் இன்னிக்கே வெச்சுடுங்க. மை காயுது."

சிடுமூஞ்சியாருக்குக் கோபம்கூட வரவில்லை. அந்த மனிதரைத் தொடாமல் தள்ளி நிற்கவேண்டும் என்று மட்டும் தோன்றியது. ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"இப்ப அந்த மிஷின்ல யாரு உட்கார்றாங்க?" என்று கேட்டார் ஆபரேட்டர்.

"ஒரு பொண்ணு" என்றாள் ரேடியோ. "இனிமே உட்கார மாட்டேன்னு சொல்லிடுச்சு."

"நாளைக்கு மூணரைக்கு வேற யாரையாவது உட்கார வெச்சுடுவாங்க." அவர் நிமிர்ந்து உட்கார முயன்றார். வலித்தது, ஆனாலும் உட்கார்ந்தார். "அக்கா, அந்தக் காகிதத்தைத் திருப்பி எழுதுங்க. நான் சொல்றேன்."

அதிகாரி விடவில்லை. சிடுமூஞ்சியார் அட்டையோடு காகிதத்தை அவர் கையிலிருந்து எடுத்து ரேடியோவிடம் கொடுத்தார்.

"இடது தூண்ல இருக்கிற கண்ணுல வெயில் விழுது. மூணரையிலிருந்து நாலு மணி வரைக்கும் அந்த மிஷின்ல யாரும் உட்காரக் கூடாது. பைப் மாட்டணும். டார்ச் நான் ஒட்டலை. என் கை சரியான இடத்துலதான் இருந்துச்சு." அவர் மூச்சு வாங்கினார். "அவ்வளவுதான். கொண்டாங்க."

மை காயவில்லை. தன் மச்சான் பொறுமையாகத் தடவிவிட்ட கட்டைவிரலை அவர் அந்தக் காகிதத்தில் வைத்து அழுத்தினார். ரேகை ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தது.

"கீழ சாட்சின்னு ஒண்ணு வேணுமே" என்றாள் ரேடியோ.

அப்போதுதான் ஆபரேட்டரின் மனைவி எழுந்தாள். அண்ணனின் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவர் முன்னால் நீட்டினாள். அவள் குரல் உயரவில்லை.

"உனக்குத்தான் கை நல்லா இருக்கேண்ணே. போடு."

சூப்பர்வைசர் அதிகாரியைப் பார்த்தார், மாப்பிள்ளையின் துணிக்கட்டைப் பார்த்தார். பேனாவை வாங்கினார். போட்டார்.